செசபீக் கரையோரம் மரவாத்துகளைத் தேடி

நவம்பர் 13, வியாழன். ஹாவர் டி கிரேஸ், மேரிலாந்து

நியூஜெர்சியில் எடிசனில் கிளம்பும்போது நல்ல வெயில். டெலவேர் தாண்டியதும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. அப்பா மஃப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "இந்தக் குளிர்ல எந்தப் பறவை தாயி தண்ணியில மிதக்கும்?" என்றார். இந்தக் குளிரைத் தேடித்தான் அவை கனடாவிலிருந்து இங்கே இறங்குகின்றன என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

அப்பா ராஜபாளையத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். கதவு, நிலை, கட்டில், பெரிய வீடுகளின் மச்சு வேலை. மூன்று மாதம் என்னோடு இருக்க வந்திருக்கிறார். என் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் மரவாத்துகளை வந்த அன்றே எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கு உடைஞ்சிருக்கு, பசை இருக்கா வீட்டுல?" என்று கேட்டார். பதறிப்போய் வாங்கி வைத்தேன். அந்த வாத்துகள் எங்கே, யார் கையால் பிறந்தன என்று அவரைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: இவை பொம்மைகள் அல்ல, வேட்டைக் கருவிகள். டிக்காய் என்பார்கள். மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, அடியில் ஈயமோ இரும்போ அடித்து, கயிறும் நங்கூரமும் கட்டி நூற்றுக்கணக்கில் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். மேலே பறந்து போகும் கூட்டம், கீழே நம் ஆட்கள் நிம்மதியாக மேய்கிறார்கள் என்று நம்பி இறங்கும். பக்கத்திலேயே துப்பாக்கி காத்திருக்கும். எனக்கு வேட்டையில் ஈடுபாடு இல்லை. ஆனால் ஒரு வாத்தை ஏமாற்றும் அளவுக்கு வாத்தைத் தெரிந்துவைத்திருந்தவர்களின் கைவேலை மீது தீராத ஆசை.

சஸ்குவெஹானா நதி செசபீக் வளைகுடாவில் சேரும் முகத்தில் இருக்கிறது ஹாவர் டி கிரேஸ். ஆற்று முகத்தில் பல மைல் பரப்புக்கு ஆழமில்லாத தண்ணீர். அதை ஃபிளாட்ஸ் என்கிறார்கள். நாடா போல நீளமாக வளரும் வைல்ட் செலரி என்ற நீர்ப்புல் ஒருகாலத்தில் அங்கே மண்டிக்கிடந்தது. அதன் கிழங்கைத் தின்னத்தான் கேன்வாஸ்பேக் வாத்துகள் வந்தன. அந்த வாத்தின் விலங்கியல் பெயரே அந்தப் புல்லின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் புல்லைத் தின்று வளர்ந்த வாத்துக்கறிக்குத் தனி ருசி என்று பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஹோட்டல்களில் அடித்துக்கொண்டார்கள். ரயிலும் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாத்து சுடுவது இந்த ஊருக்கு முழுநேரத் தொழிலானது. அந்தத் தொழில் கேட்டதால்தான் இத்தனை மரவாத்துகளும் செதுக்கப்பட்டன.

டிக்காய் அருங்காட்சியகம் கரையிலேயே இருக்கிறது. அப்பாவை முதலில் நிறுத்தியது ஒரு பெட்டி. ஆள் மல்லாந்து படுக்கும் அளவு. சுற்றிலும் பலகை மேடை, அதன் ஓரத்தில் அலையை அடக்க கேன்வாஸ் துணி. பெயர் சிங்க்பாக்ஸ். வேட்டைக்காரர் அதற்குள் படுத்துக்கொண்டால் பெட்டியின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக நிற்கவேண்டும். அதற்காக மேடைமேல் வார்ப்பிரும்பு வாத்துகளை அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேலும் இருக்கும். சுற்றிலும் முந்நூறு, ஐந்நூறு என்று மரவாத்துகள். பறவை இறங்கும்போது ஆள் எழுந்து உட்கார்ந்து சுடுவார்.

"அலை பெருசா வந்தா?" என்றார் அப்பா.

"தண்ணி உள்ள வந்துரும்பா. கொஞ்ச தூரத்துல ஒரு படகு காவலுக்கு நிக்கும்."

அப்பா அந்தப் பெட்டியை விட்டு நகர நேரமானது. உயிருள்ள வாத்துகளையும் கயிற்றில் கட்டி மிதக்க விட்டார்கள் என்று சொன்னதும், "நம்ம பக்கம் கௌதாரி பிடிக்கிறவன் கூண்டுல ஒண்ணை வெச்சுக் கத்தவிடுவானே, அதே வேலை" என்றார். 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் காட்டு வாத்தை விற்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1935இல் சிங்க்பாக்ஸும் உயிர் வாத்தும் தடை செய்யப்பட்டன. பெட்டியைச் சுற்றி ஐந்நூறு மிதக்க விடும் பழக்கம் அதோடு போனது. பிறகு பிளாஸ்டிக் வாத்து வந்ததும், மரவாத்துகள் கொட்டகையில் குவிந்து, எத்தனையோ அடுப்புக்குள் போய்விட்டன. மிச்சம் தப்பியவைதான் இன்று நாம் சேர்ப்பவை.

வளாகத்திலேயே மேடிசன் மிட்செலின் பட்டறையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1901இல் பிறந்து 1993 வரை வாழ்ந்தவர். இந்த ஊரில் இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்தியவர். 1924இல் சாம் பார்ன்ஸ் என்ற செதுக்குநருக்கு உதவியாகப் போய்த் தொழில் கற்றார். பார்ன்ஸ் இறந்ததும் பாதியில் நின்ற வேலைகளை இவர் முடித்துக் கொடுத்தார், பிறகு விடவே இல்லை. ஊரின் அடுத்த தலைமுறைச் செதுக்குநர்கள் பலர் இந்தப் பட்டறையில் சீவல் கூட்டி ஆரம்பித்தவர்கள்.

பட்டறைக்குள் போனதும் அப்பா ஆளே மாறிவிட்டார். அங்கே இருந்த தன்னார்வலர், எழுபதைத் தாண்டியவர், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தி ஒன்றைக் காட்டினார். அப்பா அதை வாங்கி, கட்டைவிரலைக் குறுக்காக வைத்துக் கூர் பார்த்தார். பிறகு வைஸில் பிடித்திருந்த பைன் துண்டில், அவரைக் கண்ணாலேயே அனுமதி கேட்டுவிட்டு, தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். சீவல் அறாமல் சுருண்டு வந்தது. அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒன்று என்று சைகை காட்டினார். ஒருவருக்கு ஆங்கிலம் மட்டும், இன்னொருவருக்குத் தமிழ் மட்டும். அரை மணி நேரம் என்னை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது அப்பா சொன்னதைக் குறித்துவைத்தேன். "உடம்பு கடைசல் மெஷின்ல வந்திருக்கு. குறுக்குவாட்டுல கோடு கோடா தெரியுது பாரு. அப்புறம் இழுத்துச் சீவியிருக்கான். தலை மட்டும் சுத்தமா கைக்கத்தி. தலையில எவனும் ஏமாத்தலை." இதைப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது! இந்தப் பக்கத்துச் செதுக்குநர்கள் உடலை வேகமாக முடித்துவிட்டுத் தலையில்தான் நேரம் செலவழித்தார்கள். வாத்து தூரத்திலிருந்து பார்ப்பது நிறத்தையும் தலையின் சாய்வையும்தான்.

1827இல் கட்டிய கான்கார்ட் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரை பலகை நடைபாதையில் நடந்தோம். காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு சின்னக் கடையில் நண்டு சூப், கோப்பை ஒன்பது டாலர். பரிமாறிய பெண் அப்பாவின் கைகள் நடுங்குவதைப் பார்த்து, கேட்காமலே வெந்நீர்க் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள், "கையைச் சூடு பண்ணிக்கச் சொல்லு, ஹன்" என்று. அதைப் பில்லில் சேர்க்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி. ஈஸ்டன் போகும் வழி

நாள் முழுக்க மழை. ஆற்றைக் கடந்து எல்க்டன் வழியாக வளைகுடாவின் கிழக்குக் கரைக்குத் திரும்பினோம். அறுவடை முடிந்த சோள வயல்களில் கனடா வாத்துகள். முதலில் நூறு இருநூறு என்று நினைத்தேன். அப்பா கண்ணாடியை இறக்கியதும் சத்தம் உள்ளே வந்தது. வயல் முடியும் வரை கருப்புக் கழுத்துகள். காரை ஓரமாக நிறுத்தி, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டோம். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் நின்று, டயர் பஞ்சரா, உதவி வேண்டுமா என்று கேட்டார். வாத்து பார்க்கிறோம் என்றதும், இதென்ன, இன்னும் இரண்டு மைல் போனால் குளம் இருக்கிறது, அங்கே பாருங்கள் என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

வழியில் விலைப் பேச்சு வந்தது. எல்மர் குரோவெல் என்பவர் மாசசூசெட்ஸில் ஈஸ்ட் ஹார்விச்சில் இருந்தவர், 1952இல் இறந்தார். அவர் செய்த இரண்டு பறவைகள் 2007இல் ஒவ்வொன்றும் பதினோரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்குக் கைமாறின. ஒன்று அலகால் இறகைக் கோதும் பின்டெயில் வாத்து, இன்னொன்று கனடா வாத்து. அதே ஆண்டு லோத்ராப் ஹோம்ஸ் செய்த ஒரு மெர்கான்சர் வாத்துப் பெட்டை ஏலத்தில் 8,56,000 டாலர் போனது. அப்பா மனக்கணக்கில் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செஞ்சவனுக்கு என்ன கிடைச்சுது?"

வேட்டைக்குப் போன வாத்துகள் டஜன் கணக்கில் விற்றன. ஒன்றுக்குச் சில டாலருக்கு மேல் யாரும் தரவில்லை. குரோவெல் பின்னாளில் பணக்காரர்களின் கணப்பு மேடைக்கென்றே அலங்காரப் பறவைகள் செய்து கொஞ்சம் நன்றாக இருந்தார் என்று சொன்னேன். அப்பா வெளியே மழையைப் பார்த்தபடி, "தேக்குக் கதவுக்கு இன்னைக்கு விலை கேட்டா எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஈஸ்டன் வரும்வரை இருவரும் பேசவில்லை.

எடுத்திருந்த மோட்டலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஈஸ்டனில் நீர்ப்பறவைத் திருவிழா சமயம், வேறு அறையும் இல்லை. நடத்துகிறவர் குஜராத்திக்காரர். தன் வீட்டிலிருந்தே ஒரு சிறிய ஹீட்டரும் இரண்டு ரஜாயும் (பஞ்சு வைத்த போர்வை) கொண்டுவந்து கொடுத்தார். பத்து நிமிடத்தில் அவர் மனைவி இஞ்சி டீ அனுப்பினார். அப்பா குல்லாயோடு தூங்கிவிட்டார். நான் ரஜாய்க்குள் இருந்துகொண்டு இதைத் தட்டச்சு செய்கிறேன்.

நவம்பர் 15, சனி. ஈஸ்டன்

நீர்ப்பறவைத் திருவிழா இங்கே 1971 முதல் நடக்கிறது. ஊரே அடைபட்டிருந்தது. ஓவியக் கூடங்கள், வாத்துச் சத்தம் எழுப்பும் போட்டி, ஈர உடம்போடு நம்மேல் உரசிவிட்டுப் போகும் லேப்ரடார் நாய்கள். வறுத்த சிப்பி சாண்ட்விச் பதினெட்டு டாலர், வரிசையில் நின்ற நேரத்துக்குத் தகுந்த ருசி. நான் வந்தது இதற்கெல்லாம் அல்ல, பழைய டிக்காய்களை விற்று, வாங்கி, மாற்றிக்கொள்ளும் அறைக்கு.

நீளமான மேசைகள். மேலே கம்பளித் துணி விரித்து வாத்துகள். இங்கே ஒரு மரியாதை உண்டு. கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள். எடுத்தால் இரண்டு கையால், உடம்பைப் பிடித்துத்தான். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் மேசைக்காரர் முகம் மாறிவிடும். மறுபடி வண்ணம் பூசியதா, அலகு மாற்றியதா என்று நேராகக் கேட்கலாம், நேராகவே பதில் வரும். பொய் சொன்னவர் பெயர் மதியத்துக்குள் அறை முழுக்கச் சுற்றிவிடும்.

முதலில் அடியைப் பார்க்கவேண்டும். ஈயக்கட்டி மாற்றப்பட்டிருந்தால் பழைய ஆணித் துளைகள் தெரியும். நங்கூரக் கயிறு கட்டிய வளையத்தைச் சுற்றி, பல காலம் ஆடி ஆடி மரத்தில் ஒரு பிறைப் பள்ளம் விழுந்திருக்கும். போலி செய்கிறவர்கள் வளையத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடுவார்கள், அந்தப் பள்ளத்தை மறந்துவிடுவார்கள். சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கலாம். பிறகு கழுத்து உட்காரும் இடம். அங்கே புது மக்கு தெரிந்தால் தலை கழன்று ஒட்டியதாக இருக்கலாம். வண்ணத்துக்கு ஒரு புற ஊதா டார்ச் வைத்திருக்கிறேன், புதுப் பூச்சு அதில் வேறு மாதிரி ஒளிரும். முதுகில் ஈயக் குண்டுத் துளைகள் இருந்தால் பலருக்கு அது குறை, எனக்கு அது மரவாத்து வேலைக்குப் போனதற்கான சான்று.

சந்தையில் 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற இரண்டு சொல்தான் ராஜா. செய்தவர் பூசிய முதல் பூச்சு அப்படியே இருந்தால் விலை பல மடங்கு. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. மரவாத்து உப்பு நீரிலும் பனியிலும் கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் வேட்டைக்காரர் கொட்டகையில் உட்கார்ந்து மறுபடி வண்ணம் அடித்தார். அந்தப் பூச்சும் அதன் வாழ்க்கைதான். என்னால் பொறுக்கமுடியாதது வேறு: அதே வாத்தைச் சுரண்டி, மரம் தெரிய வார்னிஷ் அடித்து வரவேற்பறைக்கு ஏற்ற மாதிரி ஆக்குவது. ஒரு மேசையில் விளக்காக மாற்றிய புளூபில் வாத்து ஒன்று இருந்தது. முதுகில் துளை போட்டு, அடிவரை ஒயர் இழுத்து, மேலே பல்பு. எழுபது டாலர். அப்பா அந்தத் துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பாவி இதைச் செஞ்சான்" என்றார். அவர் பார்வை எனக்குப் புரிந்தது. ஈர மரம் இல்லை, கணுவும் இல்லை, துளையே இல்லாமல் நன்றாக இருந்த மரம்.

நடு வரிசையில் ஒரு மேசை. தொப்பி போட்ட வயதானவர், முன்பு நண்டுப் படகு ஓட்டியவராம். அவர் மேசையின் ஓரத்தில், மற்றவற்றோடு சேராமல், ஒரு கேன்வாஸ்பேக் ஆண் இருந்தது. ஃபிளாட்ஸ் பக்கத்து வேலை என்று அதன் உருண்ட அடியும் துடுப்பு போன்ற வாலும் சொல்லின. கையெழுத்து இல்லை. அலகு நுனி சிதைந்திருந்தது. கழுத்து ஒருகாலத்தில் உடைந்திருக்கிறது. உடைந்ததை யாரோ ஒருவர் உச்சந்தலை வழியாக ஒரு சதுர ஆணி இறக்கி, கழுத்தைச் சுற்றி மெல்லிய தகரப் பட்டை அடித்து, அதன்மேலேயே செம்பழுப்பு வண்ணம் பூசியிருந்தார். மார்புக் கருப்பு உரிந்த இடத்தில் கீழே இன்னொரு கருப்பு, அதற்கும் கீழே சாம்பல். பழைய சுண்ணாம்புச் சுவர் போல அடுக்கடுக்காக.

அப்பா கேட்டு வாங்கினார், இரண்டு கையால். திருப்பினார். தகரப் பட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து ஓட்டினார். மரத்தை முகர்ந்தார். பிறகு என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் மேசைக்காரருக்கு மொழிபெயர்த்தேன்.

"இந்தத் தலை ரேகைக்குக் குறுக்க வெட்டின மரம். அதனால கழுத்துல ஒடைஞ்சிருக்கு. ரிப்பேர் பண்ணவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. ஆணியை நேரா அடிச்சிருந்தா இன்னொரு தடவை பிளந்திருக்கும். அவன் சாய்ச்சு இறக்கியிருக்கான். தகரத்தோட முனையை மடக்கி உள்ள விட்டிருக்கான், கயிறு மாட்டிக்கக் கூடாதுன்னு. செஞ்சவனை விட ரிப்பேர் பண்ணவன் கெட்டிக்காரன்."

மேசைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் வலதுகையை நீட்டினார். அப்பா கைகுலுக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். அவர் அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பி, ஆள்காட்டி விரல் அடியில் இருந்த காய்ப்பைத் தொட்டுப் பார்த்தார். தன் கையையும் திருப்பிக் காட்டினார், வலைக்கயிறு அறுத்த தழும்புகள். சீட்டில் 260 டாலர் என்று இருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, உங்க அப்பாவுக்கு 180 என்றார். இதை வாங்கும் ஆள் இந்த ரிப்பேரைப் பிரித்துவிடக்கூடாது என்று மட்டும் பயந்துகொண்டிருந்தாராம்.

சந்தைக் கணக்கில் பார்த்தால் இது குறையுள்ள பண்டம். செய்தவர் பெயர் தெரியாது, வண்ணம் மாறியது, கழுத்து உடைந்தது, அலகு சிதைந்தது. என் அலமாரியில் இதைவிடப் பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் நான் சேர்த்ததிலேயே எனக்குப் பிடித்தது இனி இதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு. கேம்பிரிட்ஜ், பிறகு கிரிஸ்ஃபீல்ட்

காலையில் முதலில் கேம்பிரிட்ஜ். சாப்டாங்க் ஆற்றங்கரையில் ஓக்லி தெரு முடியும் இடத்தில் ஒரு தடுப்புச்சுவர். குளிர்காலத்தில் கேன்வாஸ்பேக்குகள் சுவரிலிருந்து சில அடி தூரம் வரை வரும், பெரிய கேமராக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். நல்ல கூட்டம் டிசம்பருக்கு மேல்தான். இன்று விஜன் வாத்துகளுக்கு நடுவே சில ஆண்கள் மட்டும். அது போதுமாக இருந்தது. நெற்றி என்ற ஒன்றே இல்லாமல் உச்சந்தலையிலிருந்து அலகு நுனி வரை ஒரே சரிவு, செம்பழுப்புத் தலை, சிவப்புக் கண், கருப்பு மார்பு, வெளுத்த முதுகு. அப்பா காரிலிருந்து நேற்று வாங்கியதை எடுத்துவரச் சொன்னார். சுவர்மேல் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு நீளமா இருந்திருக்கணும். ஒடைஞ்சதை அரத்தால ராவி முடிச்சிருக்கான்" என்றார். பக்கத்திலிருந்த கேமராக்காரர் ஒருவர் எங்கள் மரவாத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய சேற்றில் சஸ்குவெஹானா ஃபிளாட்ஸின் நீர்ப்புல் அடியோடு போனது. மறுபடி அங்கே புல் மண்டுவதற்கு அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. கேன்வாஸ்பேக் இப்போது பெரும்பாலும் சின்னச் சிப்பிகளைத் தின்றுதான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அந்தக்கால ஹோட்டல் ருசி அதன் கறியில் இருக்காது என்கிறார்கள்.

சாலிஸ்பரி தாண்டித் தெற்கே போகப் போக நிலம் தட்டையாகி, கோழிப் பண்ணைக் கொட்டகைகள் வந்து, பிறகு அதுவும் போய் சதுப்பு நிலம். சாலை முடியும் இடத்தில் கிரிஸ்ஃபீல்ட். நண்டும் சிப்பியும் பிடித்து வளர்ந்த ஊர், ஊரின் ஒரு பகுதியே சிப்பி ஓடுகளைக் கொட்டி உயர்த்திய நிலத்தில் நிற்கிறது. ஓதம் ஏறும் நேரத்தில், தெற்குக் காற்றோடு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். சாக்கடை வாய்களிலிருந்து கடல் தண்ணீர் மேலே வந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை. நீல வானம். முழங்காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர்.

இறங்கிப் பார்த்ததில் என் ஷூ நனைந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா வாசலில் நின்று, காரை இதற்கு மேல் கொண்டுபோகாதே, உப்புத் தண்ணீர் பிரேக்கைத் தின்றுவிடும், இங்கே மேட்டில் நிறுத்து என்று சத்தம் போட்டார். அப்பாவுக்குத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டார். காபி வந்தது. மாதத்தில் எத்தனையோ நாள் இப்படித்தான், தன் சிறுவயதில் புயலுக்கு மட்டும்தான் வரும் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது தண்ணீர் வடிய. அதுவரை தன் பேரன் முதல் வாத்து சுட்ட கதை, பக்கத்து வீடு விற்காமல் கிடக்கும் கதை எல்லாம் சொன்னார். அப்பா புரியாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது இருவரும் பழைய சொந்தக்காரர்கள் போலக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

இந்த ஊருக்கு வந்ததே வார்ட் சகோதரர்களுக்காக. அண்ணன் ஸ்டீவ் 1895–1976, தம்பி லெம் 1896–1984. இருவரும் முடிதிருத்துபவர்கள். அவர்களுடைய அப்பா டிராவிஸும் முடிதிருத்துபவர், அவரும் வாத்து செதுக்கியவர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கத்தரியை வைத்துவிட்டுக் கைக்கோடரியை எடுப்பார்கள். பெரும்பாலும் செதுக்குவது ஸ்டீவ், வண்ணம் லெம். பட்டறைப் பலகையில் தங்களை 'மரத்தில் காட்டுப்பறவைக் கள்ளநோட்டு அடிப்பவர்கள்' என்று எழுதிவைத்திருந்தார்கள். ஸ்டீவ் கவிதையும் எழுதினார். 1983இல் லெமுக்கு அமெரிக்க அரசின் கலை அமைப்பு தேசியப் பாரம்பரிய விருது கொடுத்தது. அவர்களுடைய 1936 மாடல் கேன்வாஸ்பேக் என்றால் சேகரிப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கன்னம் உப்பி, தலை ஒரு பக்கம் லேசாகத் திரும்பி, தண்ணீரில் சும்மா இளைப்பாறும் வாத்து. ஹாவர் டி கிரேஸ் வாத்து நேராகப் பார்க்கும், வேலையில் இருக்கும். கிரிஸ்ஃபீல்ட் வாத்து பக்கத்து வாத்தோடு பேசுவதற்குத் திரும்பியிருக்கும். ஒரே வளைகுடா, இருநூறு மைலுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

அவர்களுடைய பட்டறையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகக் கையை வைத்து மறைத்துப் பார்த்தோம். அப்பா நின்ற ஜன்னலில் வேலை மேசை தெரிந்திருக்கிறது. "வெளிச்சம் இடது கைப்பக்கம் வர்ற மாதிரி மேசை போட்டிருக்கான்" என்று சொன்னார். "நிழல் உளி மேல விழாது."

ராத்திரி சாப்பாடு நண்டு கேக், இருபத்தாறு டாலர், மாவே சேர்க்காத மாதிரி முழுக்க நண்டு. அப்பா இரண்டாவது ஒன்று கேட்டார், இந்தப் பயணத்தில் முதன்முறையாக. கடைசியில் ஸ்மித் தீவு கேக். எட்டு, ஒன்பது மெல்லிய அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே சாக்லேட். 2008 முதல் மேரிலாந்தின் அதிகாரபூர்வ இனிப்பு. அந்தத் தீவுக்குப் படகு இங்கிருந்துதான் போகிறது. இந்தக் காற்றில் அப்பாவை ஏற்ற மனம் வரவில்லை.

நவம்பர் 17, திங்கள். வீடு

பதின்மூன்றாம் எண் சாலையில் டெலவேரின் முழு நீளத்தையும் ஓட்டி வந்தேன். முதுகு விட்டுப்போய்விட்டது. ஷூ இன்னும் காயவில்லை, உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

வந்ததும் அப்பா புது வாத்தைச் சமையலறை மேசையில் வைத்தார். எனக்குக் கொஞ்சம் பயம்தான், முதல்நாள் பசை கேட்டவர் ஆயிற்றே. ஈரத்துணிகூடப் படக்கூடாது, எண்ணெய் தடவக்கூடாது, ஹீட்டர் காற்று நேராக வீசும் இடத்தில் வைத்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்று வரிசையாகச் சொன்னேன். "அதை நீ எனக்குச் சொல்ற" என்றார். பிறகு பென்சில் கேட்டார். ஒரு சின்னக் காகிதத்தில், தமிழில், ஈஸ்டனில் வாங்கியது, தேதி, விலை 180 டாலர், உடம்பு வெள்ளைப் பைன், தலை வேறு மரம், கழுத்து உடைந்து பழைய காலத்திலேயே சரி செய்தது, ஆணி சாய்வாக இறங்கியிருக்கிறது, பிரிக்கக்கூடாது என்று எழுதினார். கீழே தன் கையெழுத்து. இப்படி ஒரு குறிப்பு ஒவ்வொரு வாத்தோடும் இருந்திருந்தால் சேகரிப்பவர்கள் பாதி சண்டையை விட்டிருப்பார்கள். அதை ஒட்டவில்லை, ஒரு உறையில் போட்டு வாத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இடம் இருந்தது. அடியில் இருப்பது ஈயம், பையன் எதையும் வாயில் வைக்கும் வயது, அதனால் மிட்செலின் புளூபில்லை நகர்த்திவிட்டு இதை மேல்தட்டில் வைத்தோம். அந்தத் தட்டு கொஞ்சம் முன்பக்கம் சாய்வதாக அப்பா சொல்கிறார். நாளைக்கு ரசமட்டம் வாங்கப் போகிறோம்.